மறைத்து வைக்கப்பட்ட கடிகாரமும் அச்சேறிய இலக்கமும்

கடந்த கோடையில் ரொறன்ரோவிலுள்ள அக்கா வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அத்தானுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் இருந்த காலத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கனடாவுக்குப் போன பின்னர் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது அவரைப் பொறுத்தவரை வீட்டின் நிலவறைக்கு இடம்மாறிய வேலை என்றுதான் சொல்லவேண்டும். அங்கே ஒரு நீண்ட மேசை, அதன்மேல் சோல்டரிங் அயன், உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறிய திருகாணிகள் போட்டுவைத்த ஜாம் போத்தல்கள். ஒருநாள் காலை தேநீருடன் கீழே இறங்கிச் சென்றபோது அவர் ஒரு பழைய கையடக்கக் கணிப்பானைக் கழற்றி வைத்துக்கொண்டு அதன் வயிற்றைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன அத்தான், பழுதோ?" என்று கேட்டேன்.

"பழுது ஒண்டும் இல்லைத் தம்பி. கணக்கெல்லாம் சரியாத்தான் போடுது. ஆனா நேரந்தான் பிழை" என்றார்.

கணிப்பானுக்கும் நேரத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. கலைப்பீடத்தில் படித்தவனுக்கு விளங்கும் விதமாக அவர் விளங்கப்படுத்திய கதையையும், அதனால் எனக்குள் எழுந்த, முப்பது ஆண்டுகளாக நான் எழுதாமல் வைத்திருந்த ஒரு விடயத்தையும் இப்பத்தியில் எழுத விரும்புகிறேன்.

அந்தக் கணிப்பான் அமெரிக்காவின் ஹியூலெற் பக்காட் நிறுவனம் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்.பி. 45. அதற்கு முந்திய ஆண்டில், 1972இல், அதே நிறுவனம் எச்.பி. 35 என்ற கணிப்பானை வெளியிட்டிருந்தது. சட்டைப் பையில் அடங்கக்கூடிய, சைன், கோசைன், மடக்கை எல்லாவற்றையும் ஒரு விசையில் தரக்கூடிய முதலாவது விஞ்ஞானக் கணிப்பான் அதுதான். 35 விசைகள் இருந்தமையால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அதன் விலை 395 டொலர். எச்.பி. 45 வந்தபோதும் அதே 395 டொலர்தான். அன்றைய 395 டொலர் என்பது சாதாரண ஒருவர் நினைத்தவுடன் எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகை அன்று. அத்தான் தமது பிரதியை ஒரு கராஜ் சேலில் உடைந்த மின்விளக்குகளுக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவிலிருந்து சில டொலர்களுக்கு எடுத்திருந்தார். காலம் எப்படியெல்லாம் விலை நிர்ணயம் செய்கிறது பாருங்கள்.

இந்த எச்.பி. 45இல் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. அதனோடு வந்த பயனர் கைந்நூலில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆர்.சி.எல். என்ற விசையை அழுத்திவிட்டு, அதன்பின் சி.எச்.எஸ்., 7, 8 ஆகிய மூன்று விசைகளையும் ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தினால், கணிப்பான் தன் வேலையை மறந்து ஒரு நிறுத்தற் கடிகாரமாக மாறிவிடுகிறது. சிவப்பு இலக்கங்களில் மணி, நிமிடம், செக்கன், செக்கனின் நூறிலொரு பங்கு ஆகியன வரிசையாகப் பூச்சியங்களாக நிற்கின்றன. சி.எச்.எஸ். விசையை மீண்டும் அழுத்தினால் ஓடத் தொடங்குகிறது. மறுபடி அழுத்தினால் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது 1 முதல் 9 வரையிலான விசைகளில் ஒன்றை அழுத்தினால் அந்தக் கணத்து நேரத்தைத் தனியே பதிந்துவைத்துக்கொள்கிறது. ஒன்பது ஓட்டவீரர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டும் நேரத்தை ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்துக்கொள்ளலாம் என்றால் அது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய வசதி!

இவ்வளவு நல்ல ஒன்றை ஏன் விளம்பரப்படுத்தவில்லை, ஏன் கைந்நூலில் சேர்க்கவில்லை என்பதுதான் கேள்வி. விடை அந்தக் கணிப்பானின் வயிற்றிலேயே இருந்தது. அத்தான் சாமணத்தின் நுனியால் ஒரு சிறிய கம்பிச்சுருளைத் தொட்டுக் காட்டினார்.

எல்லாக் கணிப்பான்களுக்கும், கணனிகளுக்கும் உள்ளே ஓர் இதயத்துடிப்பு இருக்கிறது. அந்தத் துடிப்பின் தாளத்துக்கு ஏற்பவே உள்ளேயுள்ள சில்லுகள் ஒவ்வொரு வேலையையும் அடுத்தடுத்துச் செய்கின்றன. எச்.பி. 35இலும் 45இலும் அந்தத் துடிப்பை எழுப்புவது ஒரு கம்பிச்சுருளும் ஒரு கொள்ளளவியும். இவை இரண்டும் சேர்ந்து செக்கனுக்கு ஏறத்தாழ எட்டு இலட்சம் தடவை துடிக்கின்றன. இந்த 'ஏறத்தாழ' என்ற சொல்லில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது. ஒரு கம்பிச்சுருள் மற்றொன்றைப்போல் அச்சொட்டாக இருப்பதில்லை. வெப்பம் ஏறினால் துடிப்பு மாறும். மின்கலம் தளர்ந்தால் மாறும். ஆண்டுகள் செல்லச்செல்லவும் மாறும்.

கணக்குப் போடுவதற்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. துடிப்பு சற்று விரைந்தாலும் சற்றுத் தளர்ந்தாலும் இரண்டும் இரண்டும் நான்குதான். விடை கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு முந்தியோ பிந்தியோ வரும், அவ்வளவே. ஆகவே கணிப்பானைச் செய்தவர்கள் மலிவான, எளிமையான சுருளைப் பயன்படுத்தியதில் தவறேதுமில்லை. ஆனால் நேரத்தை அளக்கப் புறப்பட்டால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே துடிப்புத்தான் விடை. துடிப்பு நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் விடையும் நூற்றுக்கு ஒன்று பிழைக்கும். ஒரு மணித்தியாலத்தில் 36 செக்கன், ஒரு நாளில் 14 நிமிடமும் 24 செக்கனும் என்று அந்தப் பிழை வளரும். அத்தானின் கணிப்பான் ஒரு மணித்தியாலத்தில் 50 செக்கனுக்கு மேல் முந்தி ஓடியது.

அப்படி ஓடிக்கொண்டே அது செக்கனின் நூறிலொரு பங்கைச் சிவப்பு எழுத்தில் காட்டியது. நிமிடக் கணக்கே தளம்பும் ஒன்று நூறிலொரு பங்கைக் காட்டுகிறது! பார்ப்பவர் நம்பிவிடுவார். தசம இலக்கம் கூடக்கூட மனிதனுக்கு நம்பிக்கையும் கூடுகிறது.

கைந்நூலில் அந்தக் கடிகாரம் ஏன் இடம்பெறவில்லை என்பது இப்போது விளங்குகிறது. உள்ளே கடிகாரம் இருந்தது. ஆனால் அந்தக் கடிகாரத்துக்காகப் பிணைநிற்கக்கூடிய ஓர் உறுப்பு உள்ளே இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1975இல், எச்.பி. 55 வெளிவந்தது. அதுவும் 395 டொலர். அதிலே நூறு மணித்தியாலம் வரை எண்ணக்கூடிய கடிகாரம் வெளிப்படையாகவே இடம்பெற்றது; விளம்பரத்திலும் வந்தது. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். எச்.பி. 55இன் உள்ளே குவாட்ஸ் பளிங்கு ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

குவாட்ஸ் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். சில பளிங்குகளை அமுக்கினால் மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை 1880இல் பிரான்சில் ஜக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டறிந்தனர். மறுவளமாக, மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு அதிரும். ஒரு குறிப்பிட்ட அளவில் வெட்டப்பட்ட பளிங்குத் துண்டு தனக்கென உள்ள மீடிறனிலேயே அதிரும். 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் முதலாவது குவாட்ஸ் கடிகாரம் செய்யப்பட்டது. 1969 டிசம்பர் 25ஆம் திகதி ஜப்பானின் சீகோ நிறுவனம் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. இன்று சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் கைக்கடிகாரத்துக்குள்ளும் செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் பளிங்குத் துண்டு ஒன்று இருக்கிறது. அது நாளொன்றுக்கு ஓரிரு செக்கன் பிழைத்தாலே அதிகம். சுருளின் 14 நிமிடம் எங்கே, பளிங்கின் ஓரிரு செக்கன் எங்கே!

இனி அத்தான் செய்துகொண்டிருந்த வேலைக்கு வருகிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கிடைக்காத அந்தப் பிணையை எச்.பி. 45க்கு இப்போது கொடுப்பதுதான் அவருடைய எண்ணம். இது அவருடைய தனிக்கண்டுபிடிப்பன்று. உலகெங்கும் பழைய கணிப்பான்களை நேசிக்கும் சிலர் இதனைச் செய்திருக்கிறார்கள். செய்யவேண்டியது சொல்லுக்குச் சுருக்கமானது: கம்பிச்சுருளின் துடிப்பை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் செக்கனுக்கு 784,000 தடவை தவறாது துடிக்கும் ஒன்றை இணைக்கவேண்டும்.

ஏன் 784,000? அத்தான் ஒரு கடிதவுறையின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினார். உள்ளே வரும் துடிப்பை அந்தக் கணிப்பான் முதலில் நான்கால் வகுத்துக்கொள்கிறது. 784,000ஐ நான்கால் வகுத்தால் 196,000. இந்தக் கணிப்பான்கள் ஒரு கட்டளையை நிறைவேற்ற 56 துடிப்புகளை எடுத்துக்கொள்கின்றன. 196,000ஐ 56ஆல் வகுத்தால் 3,500. அதாவது செக்கனுக்கு 3,500 கட்டளைகள். செக்கனின் நூறிலொரு பங்குக்குச் சரியாக 35 கட்டளைகள். மீதியில்லாமல் வகுபடுகிறது. எச்.பி. 55இல் 784 கிலோஹேட்ஸ் பளிங்கை வைத்ததன் காரணம் இதுதான். எனக்குக் கணக்கு எப்போதும் தூரத்து உறவு. ஆயினும் அந்த 35 என்ற எண் கடைசியில் வந்து நின்றபோது, வெண்பாவின் ஈற்றுச்சீர் தளை தட்டாமல் வந்து பொருந்துவதைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது.

ஆனால் 784 கிலோஹேட்ஸ் பளிங்கு இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருளன்று. எச்.பி. 55 ஒன்றை வாங்கி உடைத்து அதனுள்ளிருக்கும் பளிங்கை எடுத்து எச்.பி. 45இல் பொருத்துவது ஒரு வழி.

"அதைச் செய்யலாந்தான். ஆனா அது ஒண்டைக் கொண்டுபோட்டு மற்றதுக்கு உயிர் குடுக்கிற வேலை. எனக்கு மனம் வரேல்லை" என்றார் அத்தான்.

அவர் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. வேண்டிய மீடிறனை நிரல் எழுதிப் பெற்றுக்கொள்ளக்கூடிய சிறிய கடிகாரச் சில்லுகள் இன்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. எஸ்.ஐ. 5351 என்பது அவற்றில் பலரும் அறிந்த ஒன்று. அதனோடு இணைந்த சாதாரண 25 மெகாஹேட்ஸ் பளிங்கின் துடிப்பை அது உள்ளே 31.36ஆல் பெருக்கி 784 மெகாஹேட்ஸ் ஆக்குகிறது. பின்னர் 1,000ஆல் வகுத்தால் 784 கிலோஹேட்ஸ் கைக்கு வருகிறது. மின் கொடுக்கப்பட்டவுடன் 'இவ்வளவால் பெருக்கு, இவ்வளவால் வகு' என்று அந்தச் சில்லுக்குச் சொல்லிக்கொடுக்க நகத்தளவு நுண்கட்டுப்படுத்தி ஒன்று வேண்டும். இரண்டையும் தபால்முத்திரை அளவுள்ள ஒரு பலகையில் அத்தான் தம் கையாலேயே பற்றவைத்திருந்தார்.

கையால் செய்யும் வேலையில் இலகு என்று எதுவுமில்லை என்பதையும் அங்கிருந்து பார்த்தேன். பழைய கணிப்பானின் சில்லுகள் இன்றைய சில்லுகளைவிட உயர்ந்த மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. ஆகவே புதியதன் துடிப்பைப் பழையதற்கு விளங்கும் அழுத்தத்துக்கு உயர்த்தவேண்டும். பழையதன் அழுத்தம் புதியதைத் தாக்காமலும் காக்கவேண்டும். இதற்கு ஒரு திரான்சிஸ்டரும் சில தடையிகளும். இதைவிடப் பெட்டியைத் திறப்பதே பெரிய சோதனை. திருகாணிகள் பின்புறத்து விபரச்சீட்டின் அடியிலும் இறப்பர்க் கால்களின் அடியிலும் மறைந்திருக்கின்றன. அரைநூற்றாண்டாக ஒட்டியிருந்த சீட்டைக் கிழியாமல் உரித்தெடுக்க அத்தான் ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவிட்டார். அக்கா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு, மூன்றாம் தடவை கூப்பிடாமல் விட்டுவிட்டார்.

"என்னத்துக்கு அத்தான் இந்தப் பாடு? கைத்தொலைபேசியிலை இதைவிட நல்ல கடிகாரம் இருக்குத்தானே" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இருக்கு. ஆனா அதுக்குள்ளை என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும்" என்றார்.

இந்த இடத்தில் என்னுடைய கருத்தைச் சொல்லத் தொடங்குகிறேன்.

பழம்பொருள் சேகரிப்போரிடையே இவ்விடயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. பழம்பொருள் என்பது அது பிறந்தபடியே இருக்கவேண்டும், அதன் குறையும் அதன் வரலாறே, குறையைத் திருத்துவது வரலாற்றைத் திருத்துவது என்பது ஒரு கட்சி. பொருள் என்பது பயன்படுவதற்கு, அலுமாரிக்குள் உறங்கும் கருவி பிணத்துக்குச் சமம் என்பது மறு கட்சி. முதலாவது கட்சியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஓலைச்சுவடியில் எழுத்துப் பிழை கண்டவர்கள் சுவடியிலேயே திருத்தியிருந்தால் இன்று நமக்குப் பாடபேதம் என்ற ஒன்றே தெரியாமல் போயிருக்கும். பிழையோடு கூடிய மூலத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆயினும் எச்.பி. 45இன் விடயத்தில் நான் அத்தானின் பக்கம். காரணம் இது: அந்தக் கடிகாரத்தை அவர் புதிதாகப் புகுத்தவில்லை. அதைச் செய்தவர்களே அதனை உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு இல்லாதிருந்தது ஒரு பளிங்கின் உறுதி மட்டுமே. இல்லாத குணத்தை ஒட்டவைப்பது வேறு. உள்ளே இருக்கும் குணத்தைச் செயற்பட வைப்பது வேறு.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவது, செய்த மாற்றத்தைச் செய்தவாறே நீக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அத்தான் அந்தக் கம்பிச்சுருளை எறியவில்லை. ஒரு முனையை மட்டும் கழற்றி அங்கேயே மடித்து வைத்தார். நாளை ஒருவர் விரும்பினால் ஐந்து நிமிடத்தில் பழையபடி இணைத்துவிடலாம். இரண்டாவது, ஒன்றைத் திருத்த இன்னொன்றை அழிக்கக்கூடாது. இதனை அவரே சொல்லிவிட்டார். மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெட்டியை மூடுமுன் அவர் ஒரு சிறிய காகிதத்துண்டில் திகதியையும், என்ன மாற்றினார் என்பதையும், ஏன் மாற்றினார் என்பதையும் எழுதி, மடித்து உள்ளே வைத்தார்.

"இது யாருக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

"எனக்குப் பிறகு திறக்கிறவனுக்கு. அவன் குழம்பக்கூடாதுதானே."

பத்திரிகைக்காரனுக்கு அந்தக் காகிதத்துண்டு என்னவென்று உடனே தெரியும். அதன் பெயர் 'திருத்தம்'. முன்னர் இப்படி இருந்தது, இன்ன திகதியில் இன்னவாறு மாற்றப்பட்டது என்று வாசகருக்கு அறிவிக்கும் சிறிய பெட்டிச்செய்தி.

இப்போது நான் எழுதாமல் வைத்திருந்த விடயத்துக்கு வருகிறேன். 1990களின் நடுப்பகுதி. போர்க்காலம். நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. மின்கலங்கள் வருவதற்கே தடை இருந்த நாட்களை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்களுக்குச் செய்தி எப்படி வந்துசேர்ந்தது என்பது தெரியும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்ட காலம் அது. வீட்டு இலத்திரனியல் என்பது அப்போது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

அன்றிரவு ஓர் அசம்பாவிதம் பற்றிய செய்தி வந்தது. இடம் தெரியும். இறந்தோர் தொகை தெரியாது. ஒருவர் முப்பதுக்கு மேல் என்றார். மற்றொருவர் நாற்பது இருக்கலாம் என்றார். மூன்றாமவர் 37 என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கியது. நான் 37 என்று எழுதினேன். 'முப்பதுக்கு மேல்' என்பது ஐயத்தோடு நிற்பதுபோலவும், 37 என்பது அருகில் நின்று எண்ணியதுபோலவும் எனக்குப் பட்டது. எழுதும்போது எனக்கு ஒரு நிறைவு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தலைப்பில் அந்த எண் கம்பீரமாக இருந்தது.

இரண்டு நாட்களின் பின்னர் ஓர் அம்மா பத்திரிகைக் காரியாலயத்துக்கு வந்தார். கையில் அந்தப் பத்திரிகை நான்காக மடிக்கப்பட்டிருந்தது. அவருடைய மகன் அந்தப் பக்கம் போனவன், திரும்பவில்லை. அவர் அழவில்லை. மிக மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, 37 பேர் எண்டு போட்டிருக்கிறியள். அப்ப பேர் விபரமும் உங்களிட்டை இருக்குந்தானே. ஒருக்காப் பாத்துச் சொல்லுறியளோ?"

எண்ணியவனிடம் பெயர் இருக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்கு. நான் எண்ணவில்லை. முப்பதுக்கு மேல் என்று எழுதியிருந்தால் அவர் அன்று அத்தனை தூரம் நடந்து வந்திருக்கமாட்டார். நான் காட்டிய தசம இலக்கத்தை நம்பித்தான் வந்தார். என்ன சொல்லி அனுப்பினேன் என்பது எனக்கு நினைவில் இருக்கிறது. அதை இங்கு எழுத விரும்பவில்லை. அந்த எண்ணுக்கு நாங்கள் திருத்தம் வெளியிடவில்லை. திருத்துவதற்கு எங்களிடம் சரியான எண்ணும் இருக்கவில்லை. 'அந்த எண் எங்களால் உறுதிப்படுத்தப்படாதது' என்றாவது ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. அது என்னுடைய பிழை. அந்த மேசையில் அன்றிரவு இருந்தவன் நான்தான்.

எச்.பி. 45இன் கைந்நூலைப் பற்றி அத்தான் சொன்னபோது என் மனதில் வந்தது அந்த அம்மாவின் முகம். அந்த நிறுவனத்திடம் நூறிலொரு செக்கன் வரை காட்டும் கடிகாரம் இருந்தது. அதை விளம்பரத்தில் போட்டிருந்தால் இன்னும் பல கணிப்பான்கள் விற்றிருக்கக்கூடும். ஆனால் பளிங்கு இல்லாத கடிகாரத்துக்குக் கைந்நூலில் இடம் கொடுக்கப்படவில்லை. வியாபாரம் செய்பவர்களிடம் இருந்த அந்தக் கட்டுப்பாடு, உண்மையைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் அன்றிரவு இருக்கவில்லை.

இன்று இந்தப் பிழை என்னோடு நின்றுவிடவில்லை. எவருடைய கைத்தொலைபேசியைத் திறந்தாலும் எண்கள். இத்தனை வீதம், இத்தனை பேர், இத்தனை மணி இத்தனை நிமிடம். எவர் எண்ணினார், எதைக்கொண்டு எண்ணினார் என்று கேட்பாரில்லை. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் நீச்சல் போட்டியொன்றில் சுவீடனின் குணார் லார்சன் அமெரிக்காவின் ரிம் மக்கீயைச் செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. கருவி அப்படிக் காட்டியது. ஆனால் தடாகத்தின் ஒரு தடமும் மற்றத் தடமும் அந்த அளவுக்குச் சம நீளம் என்று எவரால் உறுதி கூறமுடியும்? பின்னர் நீச்சலில் நூறிலொரு பங்குக்கு மேல் அளப்பதில்லை என்று விதி செய்தார்கள். நூறிலொரு பங்கு வரை சமமாக வருபவர்கள் இருவருக்கும் ஒரே பதக்கம். அளக்கமுடியும் என்பதற்காக அறிவிக்கத் தேவையில்லை என்பதை விளையாட்டுத்துறை கற்றுக்கொண்டது. நமது செய்தித்துறை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

திருத்துவதைப் பற்றியும் ஒரு சொல். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கணிப்பானை எழுபது வயது மனிதர் ஒருவர் தம் வீட்டு நிலவறையில் திறந்து, விளங்கிக்கொண்டு, மேலும் நல்லதாக்க முடிகிறது. இன்று நாம் வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை பசைபோட்டு ஒட்டப்பட்டு வருகின்றன. திறந்தால் உடையும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்க வேண்டியிருந்தது என்பதே, அந்த உரிமை எவ்வளவு தூரம் நம் கையைவிட்டுப் போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி. திறக்கமுடியாத பொருளைப் பற்றி நாம் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கப் பழகாத கை, செய்தியைப் படிக்கும்போது மட்டும் திடீரென்று பழகிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் வேலை முடிந்தது. சரிபார்க்கவேண்டும். முன்னரென்றால் கனடாவில் சீ.பி.சி. வானொலியில் நாள்தோறும் பிற்பகல் ஒரு மணிக்குத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் நேரச் சமிக்ஞை ஒலிக்குமாம். அத்தான் வந்த காலத்திலிருந்து தமது கடிகாரத்தை அதற்குத்தான் சரிசெய்துவந்தார். 1939இல் தொடங்கிய அந்தச் சமிக்ஞை 2023 ஒக்டோபர் 9ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒலிபரப்பு இப்போது பல வழிகளில் தாமதமாகி வருவதால் கேட்பவரின் காதுக்கு எந்தக் கணத்தில் போய்ச்சேரும் என்று உறுதி சொல்லமுடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அத்தானுக்குக் கவலையும் இருந்தது, ஒருவித மரியாதையும் இருந்தது. உறுதி சொல்லமுடியாததால் நிறுத்திவிட்டார்கள் அல்லவா!

இப்போது அவர் செய்மதிகளிலிருந்து செக்கனுக்கு ஒரு துடிப்புப் பெறும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வைத்திருக்கிறார். அதை ஒருபுறமும் எச்.பி. 45ஐ மறுபுறமும் வைத்தோம். ஆர்.சி.எல். விசையை அவர் அழுத்தினார். அடுத்த மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த அவருடைய விரல்கள் ஒத்துழைக்கவில்லை. முதுமையின் நடுக்கம். "நீ அமத்து" என்றார். நான் அழுத்தினேன். பூச்சியங்கள் வந்து நின்றன. ஜி.பி.எஸ். விளக்கு மின்னிய கணத்தில் தொடக்கிவிட்டோம்.

ஒரு மணித்தியாலம் இருவரும் அதன் முன்னால் இருந்தோம். அதிகம் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் நான் அவருக்கு 37 பற்றிச் சொன்னேன். அக்காவுக்குக்கூட நான் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எழுதிவை தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணித்தியாலம் முடிந்து விளக்கு மின்னியதும் நிறுத்தினேன். முன்னர் 50 செக்கனுக்கு மேல் பிழைத்த கணிப்பான் இப்போது செக்கனில் பிழைக்கவில்லை. கடைசி இரண்டு இலக்கங்களில் சிறிய வேறுபாடு இருந்தது. அது கணிப்பானுடையதா, என் விரலுடையதா என்று எங்களால் சொல்லமுடியவில்லை. அத்தான் தமது குறிப்புப் புத்தகத்தில் அந்த இரண்டு இலக்கங்களையும் எழுதாமல் செக்கன் வரைக்கும் மட்டும் எழுதி மூடினார்.

அவர் சொன்னபடி நானும் எழுதிவைத்துவிட்டேன். இது முப்பது ஆண்டுகள் பிந்திய திருத்தம். அந்த அம்மா இன்று உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். இந்தப் பத்தி அவருடைய கண்ணில் படுமென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய பத்திரிகைப் பிரதியை எங்கேனும் ஒரு நூலகத்தில் எதிர்காலத்தில் எவரேனும் திறக்கக்கூடும். அவர் குழம்பக்கூடாது. அதில் 37 என்று அச்சாகியிருக்கும் இலக்கம் எண்ணிப் பெறப்பட்டதன்று.